ஆலை நின்ற நிலம்



நம் நகரங்கள் பலவற்றில் ஊரின் நடுவே உயர்ந்த மதிலும் பூட்டிய வாயிலும் உடைய பெருநிலங்களைக் காணலாம். உள்ளே ஒரு புகைபோக்கி நிற்கும். அதிலிருந்து புகை வாராது. ஒருகாலத்தில் அங்கிருந்து எழுந்த சங்கொலியைக் கேட்டே சுற்றுப்புறத்து வீடுகளில் உலை வைத்தனர். அவை பழைய பஞ்சாலைகள். அவை நின்ற நிலங்களில் புதியனவற்றைக் கட்டுவதற்கு முன்னர் நாம் எதனை அறிய வேண்டும், எவ்வாறு அறிய வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

சென்னையின் வடபகுதியில் இருந்த பக்கிங்காம் ஆலையையும் கர்நாடிக் ஆலையையும் அறியாதார் இலர். பின்னி ஆலை என்று மக்கள் வழங்கிய அவ்வாலைகள் 1920ஆம் ஆண்டில் ஒரே நிறுவனமாயின. அங்கு உழைத்தவர்களுக்காகவே 1918ஆம் ஆண்டில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று, பி. பி. வாடியா அதன் தலைவராகவும், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவராகவும் விளங்கினர். படைவீரர் உடுத்தும் காக்கித் துணிக்குப் பெயர்பெற்ற அவ்வாலை 1996ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பின்னர்ச் சில காலம் அதன் கட்டடங்கள் திரைப்படம் எடுப்போருக்குப் பயன்பட்டன. இன்று அந்நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன.

இது ஓர் ஆலையின் கதை மட்டும் அன்று. பம்பாய், அகமதாபாத், கோயம்புத்தூர் என்று ஆலைகளால் வளர்ந்த ஊர்கள் யாவற்றின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஊருக்கு வெளியே கட்டிய ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. ஆலை நின்றபோது, அதன் இயந்திரங்கள் பழைய இரும்பின் விலைக்குப் போயின. நிலத்தின் விலையோ பன்மடங்கு உயர்ந்தது. விலை உயர்ந்த நிலத்தில் விரைந்து கட்டவே எவரும் விரும்புவர். அந்த விரைவில், மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்னும் கேள்வி மறக்கப்படுகிறது.

பஞ்சும் நூலும் கையாண்ட இடத்தில் நஞ்சு எங்கிருந்து வரும் என்று நேயர்கள் வினவலாம். நல்ல கேள்விதான். நூற்பு மட்டும் செய்த ஆலையில் அஞ்சத்தக்கவை குறைவே. நூற்பு, நெசவு, வெளுப்பு, சாயம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே செய்த பேராலைகளில் நிலைமை வேறு. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி வாய்க்காலில் ஓடி நாற்றம் எழுப்பியிருக்கும். ஆனால் அது மாவுப் பொருளாதலின் நாளடைவில் மண்ணிலே மக்கிவிடும். சாயச் சரக்குகள் எல்லாம் அவ்வாறு மக்குவதில்லை. காக்கி நிறம் ஏற்றும் பழைய முறைகளுள் ஒன்று, இரும்பு உப்பையும் குரோமியம் உப்பையும் துணியில் ஊறவைத்துக் காரநீரில் தோய்ப்பதாகும். குரோமியம் உலோகமாதலின் அழியாது. அதன் ஒரு வடிவம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கிடக்கும், தீங்கும் குறைவு. மற்றொரு வடிவமோ நீரில் எளிதில் கரைந்து கிணற்றைச் சேரும், புற்றுநோயையும் விளைக்கவல்லது. ஒரு நிலத்தில் எந்த வடிவம் உள்ளது என்பதை ஆய்வுக்கூடந்தான் சொல்ல இயலும்.

சாயத்தோடு கதை முடிவதில்லை. கொதிகலனில் எரித்த நிலக்கரியின் சாம்பலில் ஆர்சனிக், ஈயம் முதலியன தங்கும். நீராவிக் குழாய்களைச் சுற்றிக் கல்நார் பொதிந்திருப்பார்கள். அது அசையாது கிடக்கும்வரை ஊறு பெரிதன்று. கட்டடத்தை இடிக்கும்போது அதன் நுண்ணிய இழைகள் காற்றிற் கலந்து நுரையீரலிற் படியும். நோய் வெளிப்படுவதற்கு இருபது, முப்பது ஆண்டுகளும் ஆகலாம். பழைய கதவு, சன்னல்களின் வண்ணப்பூச்சில் ஈயம் உண்டு. பழைய டிரான்ஸ்பார்மர்களிற் சிலவற்றில் குளோரின் சேர்ந்த ஒருவகைச் செயற்கை எண்ணெயை நிரப்பினர்; அது மண்ணில் நெடுங்காலம் சிதையாது கிடக்கும். இயந்திரங்களின் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட கரைப்பான்களுள் சில நீரினும் கனமானவை. அவை நிலத்தடி நீருக்குள் ஆழ்ந்து இறங்கும். அவற்றின் ஆவி மேலே எழுந்து, பின்னாளில் கட்டிய வீட்டின் தரைவழியே உள்ளே நுழையவும் கூடும்.

இவை யாவும் எல்லா ஆலைகளிலும் உள்ளன என்று நான் கூறவில்லை. நான் பெயர் சொன்ன ஆலைகளின் மண் கெட்டது என்றும் கூறவில்லை. ஆராயாமல் உண்டு என்பதும் தவறு. ஆராயாமல் இல்லை என்பதும் தவறு. பின்னதனால் விளையும் கேடு பெரிது.

அதற்குச் சான்றாக அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். அது பஞ்சாலை நிலம் அன்று. ஆயினும் படிப்பினை ஒன்றே. நயாகரா அருவிக்கு அருகிலுள்ள நகரத்தில், வெட்டிப் பாதியில் விட்ட கால்வாய் ஒன்று கிடந்தது. 1940களில் தொடங்கி ஓர் இரசாயன நிறுவனம் ஏறத்தாழ 21,000 டன் கழிவை அதனுள் கொட்டி மண்ணிட்டு மூடிற்று. 1953ஆம் ஆண்டில் அந்நிலத்தை ஒரே ஒரு டாலருக்கு அவ்வூர்ப் பள்ளிக் குழுவினருக்கு விற்றது. அங்கே பள்ளிக்கூடம் எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1970களில் மழையும் பனியும் மிகுந்தபோது புதைத்தவை மேலே கசிந்தன. 1978ஆம் ஆண்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பெற்று, பள்ளி மூடப்பட்டது, குடும்பங்கள் வெளியேறின. கெட்ட நிலங்களைத் தூய்மை செய்வதற்கென 1980ஆம் ஆண்டில் அந்நாடு தனிச் சட்டம் இயற்றியதற்கு இந்நிகழ்ச்சி ஒரு முக்கிய காரணம். இதில் வியப்பு என்னவெனில், நிலத்தடியில் இரசாயனக் கழிவு உண்டு என்னும் எச்சரிக்கை விற்பனைப் பத்திரத்திலேயே இருந்தது. காகிதம் அறிந்திருந்ததை அங்கே குடியேறிய தாய்மார் அறியவில்லை.

ஆதலின் நிலத்தை ஆராய்வோர் தோண்டுவதில் தொடங்குவதில்லை. படிப்பதிலும் கேட்பதிலும் தொடங்குகின்றனர். ஆய்வு மூன்று படிகளாக நடைபெறும்.

முதற்படியில் மண்வெட்டிக்கு வேலை இல்லை. பழைய நில வரைபடங்கள், ஆலையின் கட்டட வரைபடங்கள், உரிமப் பதிவேடுகள் ஆகியவற்றைத் தேடிப் படிப்பர். நிலத்தை அடி அடியாக நடந்து பார்ப்பர். புல் முளைக்காத திட்டு, எண்ணெய்க் கறை, நிறம் மாறிய மண், பூமியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வர். பின்னர், அங்கே வேலை செய்தவர்களைத் தேடிச் சென்று கேட்பர். அமெரிக்காவில் இம்முறைக்கு 1993ஆம் ஆண்டிலேயே ஒரு பொதுத் தரம் வகுக்கப்பட்டது.

இம்மூன்றனுள் கடைசியாகச் சொன்னதன் அருமையை நான் நேரில் அறிந்தேன். நான் பணியாற்றிய ஊரில் மூடிய ஆலை ஒன்று இருந்தது. என் மாணவன் ஒருவனின் பாட்டனார் அங்கே சாயப் பகுதியில் நெடுநாள் உழைத்தவர். ஒருநாள் பள்ளிக்கு வந்தவர், “வாய்க்காலைப் பார்த்தே இன்றைக்கு என்ன சாயம் என்று ஊரே சொல்லிவிடும், ஐயா. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அது தண்ணீர் நிறத்தில் ஓடும்” என்றார். வாய்க்கால் சென்ற வழியைக் கேட்டேன். குச்சியால் தரையிலே கோடு கிழித்துக் காட்டினார். கொதிகலன் சாம்பல் கொட்டிய பள்ளத்தையும் காட்டினார். அப்பள்ளம் தூர்ந்து சமதரையாகி, அப்போது சிறுவர்கள் பந்தாடும் இடமாக இருந்தது. அவர் தரையிற் கிழித்த கோட்டை எந்த வரைபடத்திலும் நான் கண்டதில்லை.

இரண்டாம் படியிலேதான் தோண்டுவர். ஐயமுள்ள இடங்களில் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் மண்ணெடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவர். இங்கே ஒரு சூது உண்டு. பல இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக ஆராய்ந்தால் முடிவு நன்றாகவே தோன்றும். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் ஒருவன் பூச்சியம் வாங்கினாலும் வகுப்பின் சராசரி கெடுவதில்லை. ஆனால் அந்த ஒருவன் தேறவில்லை என்பது மெய்யே. சாயத்தொட்டி இருந்த பத்தடி இடமும் அத்தகையது.

நிலத்தடி நீரையும் ஆராய வேண்டும். ஒரு கிணற்று நீரைப் பார்த்தால் அந்த இடத்து நீரின் தன்மை தெரியும். நீர் எத்திசை நோக்கி நகர்கிறது என்பது தெரியாது. ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளிலாவது நீர்மட்டத்தை அளந்தால் அத்திசையைக் கணிக்கலாம். கேடு ஆலை நிலத்திலேயே நின்றதா, மதிலைத் தாண்டி அடுத்த தெருவின் குழாய்க்கிணறுகளை அடைந்ததா என்பதற்கு விடை அப்போதுதான் கிடைக்கும்.

மூன்றாம் படி பரிகாரம். கெட்ட மண்ணை அகழ்ந்தெடுத்து உரிய இடத்தில் அடைக்கலாம். சுண்ணாம்பு, சிமெண்டு முதலியன கலந்து இறுகச் செய்யலாம். மேலே தடித்த மூடாக்கு அமைக்கலாம். எண்ணெய்க் கசிவை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கலாம். எதனைச் செய்வது என்பது அந்நிலம் எதற்குப் பயன்படப் போகிறது என்பதைப் பொறுத்தது. வண்டிகள் நிற்கும் இடத்திற்குப் போதுமான தூய்மை, குழந்தைகள் விளையாடும் இடத்திற்குப் போதாது. குழந்தை மண்ணில் அளைந்த கையை வாயில் வைக்கும். அதன் உடலும் சிறியது. ஆகவே மனை வகுப்பவர் மண்ணாய்வை முன்னே வைத்துக்கொண்டு வரைய வேண்டும். வரைந்து முடித்தபின் மிஞ்சிய மூலையைப் பூங்கா என்று பெயரிட்டால், பழைய சாம்பற்பள்ளமே குழந்தைகளின் பங்காகிவிடக்கூடும்.

பங்கு என்றதும் பம்பாயை நினைக்க வேண்டும். 1982ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே தொடங்கிய பெரு வேலைநிறுத்தத்திற்குப்பின் ஆலைகள் பல மீளவே இல்லை. 1991ஆம் ஆண்டு விதியின்படி, ஆலை நிலத்தைப் புதிதாக வகுக்கும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு கூறு பொதுத் திறந்தவெளிக்கும், மற்றொரு கூறு பொது வீட்டு வசதிக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என்றிருந்தது. 2001ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டு, கட்டடம் இல்லாது வெறுமையாய்க் கிடந்த பகுதியை மட்டும் பங்கிட்டால் போதும் என்றாயிற்று. அத்திருத்தத்தை எதிர்த்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2006ஆம் ஆண்டில் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பொதுமக்களுக்கு வரவேண்டிய திறந்தவெளி பெரிதும் சுருங்கிற்று. நிலம் தூயதாவது ஒன்று. தூய நிலம் யாருக்குக் கிடைக்கிறது என்பது மற்றொன்று. இரண்டையும் கேட்பது குடிமக்கள் கடமை.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்கள் முன்கூட்டியே சுற்றுச்சூழல் இசைவு பெற வேண்டும். அந்த ஆய்வின் நோக்கு பெரிதும் வருங்காலத்தைப் பற்றியது. புதிய கட்டடம் எவ்வளவு நீர் கொள்ளும், எவ்வளவு கழிவு தள்ளும் என்று அது கேட்கும். பழைய ஆலை மண்ணுக்குள் எதனை விட்டுச்சென்றது என்பதை இறந்தகாலத்திடம் அல்லவா கேட்க வேண்டும்? அந்தக் குறையை நிறைக்கும் வகையில், மாசுற்ற இடங்களைக் கண்டறிந்து சீர்செய்வதற்கான தனி விதிகளை ஒன்றிய அரசு 2025ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஐயத்திற்குரிய இடங்களைப் பட்டியலிடுவதும், அவற்றை ஆராய்வதும், கெடுத்தவரே செலவை ஏற்பதும் அவ்விதிகளின் அடிப்படை. விதி வந்துவிட்டது. ஆனால் எந்த இடம் ஐயத்திற்குரியது என்பதை யாராவது எடுத்துச் சொன்னாலன்றோ பட்டியலில் ஏறும்?

இங்கேதான் நம் பள்ளிகளுக்கு ஒரு பணி இருக்கிறது. மூடிய ஆலை உள்ள ஊர்களில், உயர்நிலைப் பள்ளி மாணவரை ஆசிரியர்கள் சிறு குழுக்களாகப் பிரித்து, முதிய ஆலைத் தொழிலாளரின் வீடுகளுக்கு அனுப்பலாம். கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள். சாயம் தோய்த்த இடம் எது? கழிவுநீர் எவ்வழியே சென்றது? எண்ணெய்த் தொட்டிகள் எங்கே இருந்தன? சாம்பலையும் குப்பையையும் எங்கே கொட்டினர்? விடைகளை ஒரு வரைபடத்தில் குறித்து, ஒரு படியைப் பள்ளி நூலகத்திலும் மற்றொரு படியை நகராட்சி அலுவலகத்திலும் வைக்கலாம். மாணவர் மதிலுக்குள் நுழையவோ மண்ணைத் தொடவோ வேண்டியதில்லை. செலவு ஒரு குறிப்பேடும் பென்சிலுமே.

இதனை நாளைக்கு என்று ஒத்திவைப்பதற்கில்லை. 1980களிலும் 1990களிலும் ஆலைகள் மூடியபோது நடுவயதினராய் இருந்தவர் இன்று எழுபதும் எண்பதும் கடந்துவிட்டனர். மண்ணில் கலந்த குரோமியம் இன்னும் நூறாண்டு சென்றாலும் அங்கேயே இருக்கும். அது எந்த மூலையில் கிடக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் அத்தனை காலம் இருக்கமாட்டார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைப்போமாக.