கதிரொளியும் ஒரு விளைச்சலே

உப்பிலியபுரம் வட்டாரத்தில் பயிர் செய்வோருக்குக் கிணறே உயிர்நாடி. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே அமைந்த இப்பூமியில், மழை பொய்த்த காலத்தில் நெல்லும் வெங்காயமும் கிணற்று நீரையே நம்பி நிற்கின்றன. அந்நீரை மேலேற்றும் சக்தி எங்கிருந்து வருகிறது, அதன் விலை என்ன என்பதை அங்கத்தினர்கள் ஆராய்ந்து பார்ப்பது நன்று.

நம் மாநிலத்தில் விவசாயப் பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அவ்வாறிருக்கச் சூரியத் தகடுகள் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. மின் இணைப்புக்குக் காத்திருந்து, அதுவரை டீசலுக்குப் பணம் கொட்டும் விவசாயியை எண்ணினால் விடையில் பாதி கிடைக்கும். மறுபாதியைக் குஜராத்தில் காணலாம்.

அங்கு கேடா மாவட்டத்து டுண்டி கிராமத்தில் 6 விவசாயிகள் கூடிச் சூரியசக்திப் பாசனக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். மூலதனத்தில் பெரும்பகுதியைச் சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் அளித்தது. பாசனம் போக எஞ்சும் மின்சாரத்தை யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்க மின் விநியோகக் கம்பெனி ஒப்பந்தம் செய்தது. 2016இல் விற்பனை தொடங்கிற்று.

இதன் கணக்கு எளிது. 5 கிலோவாட் தகடுகள் நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 20 யூனிட் தரும். மோட்டார் ஓடாத நாளில், மேற்படி விலைக்கு விற்றால் 92 ரூபாய் 60 காசு வரவு. விற்க வழியில்லையேல் அவ்வளவும் வீண்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. வெயிலுக்கு விலையில்லை என்று பொழுதெல்லாம் நீர் இறைத்தால் நம் கிணறும் வற்றும். அண்டை நிலத்தார் கிணறும் வற்றும். மின்சாரத்தை விற்க வழி ஏற்பட்டாலோ, அனாவசியமாக இறைக்கும் ஒவ்வொரு மணியும் கைக்காசின் நஷ்டம் என்பது விளங்கும். நீரைச் சேமிப்பவனுக்கு வருமானம் வரும்.

தமிழ்நாட்டிலும் பொது முயற்சிக்கு முன்மாதிரி உண்டு. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் 1 கோடியே 55 லட்சம் ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. அதில் 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். ஊரின் பொதுத் தேவை போக மிகுந்ததை மின் வாரியத்துக்கு விற்று அக்கடனை அடைத்தது.

நெசவாள அங்கத்தினர்களும் இதைக் கருதலாம். தறி வீட்டுக் கூரையில் சிறு தகடும் பாட்டரியும் இருந்தால், மின்சாரம் நின்ற வேளையிலும் இழை அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியும்.

2019இல் தொடங்கப்பட்ட பி.எம். குசும் திட்டம் சூரியப் பம்புகளுக்கு மானியம் வகுத்தது. எனினும் மானியத்தை மட்டும் நம்பிக் கடனில் இறங்குதல் விவேகமாகாது. மிகுந்த மின்சாரத்தை வாங்குபவர் யார்? தகடுகளைத் துடைத்துப் பழுது பார்ப்பவர் யார்? தவணை அறுவடைக் காலத்தோடு ஒத்து வருமா? இம்மூன்றையும் பொதுக்குழுவில் பேசி, முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பின்னரே கடன் மனுவில் கையொப்பமிடுங்கள்.