உங்களுக்குத் தெரியுமா? கரிசலுக்கு வந்த கோமாளி மீன்

கடையில் ‘நீமோ’ என்று பாலிதீன் பையில் கட்டித் தருகிறார்களே, அந்த ஆரஞ்சு மீனின் இனப்பெயர் ஓசெல்லாரிஸ். 2003-ல் வந்த ஒரு கார்ட்டூன் படம் அதற்கு வைத்த செல்லப்பெயர்தான் நீமோ. கோமாளி மீன்களில் ஏறக்குறைய 30 இனங்கள் இருக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் கண்ணில் படுபவை நாலைந்துதான்.

*

மீதி இனங்கள் ஏன் கிடைப்பதில்லை? முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு கடலோடு மிதந்து திரிவது ஏறத்தாழ பத்து நாள்தான். அதற்குள் குடியிருக்க ஒரு கடல் சாமந்தியை (அனிமோன் என்ற கடலுயிரை) பிடித்து ஒட்டிக்கொள்ள வேண்டும். பத்து நாளில் எவ்வளவு தூரம் போய்விட முடியும்? அதனால் தனித்தீவில் பிறந்தது அந்தத் தீவோடு நின்றுவிடுகிறது. மக்கல்லோக்கி என்ற கறுப்பு மீனுக்கு ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹவ் தீவும் அதன் அக்கம்பக்கத்துப் பாறைகளும்தான் உலகம். சாகோஸ் தீவுக்கூட்டத்துக்கே உரிய இனம் ஒன்றும் உண்டு. 2010-ல் அந்தக் கடலின் பெரும்பகுதியில் பிரிட்டன் வணிக மீன்பிடிப்பைத் தடை செய்துவிட்டதால் அது கடைக்கு வரும் பேச்சே இல்லை.

*

வெளிநாட்டு அபூர்வத்தைத் தேடி அலைபவர்கள் பக்கத்திலிருக்கும் மன்னார் வளைகுடாவை மறந்துவிடுகிறார்கள். அங்கே இருப்பது சீபே என்ற கோமாளி மீன். கறுத்த உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். 1853-லேயே பிளீக்கர் என்ற டச்சுக்காரர் இதை விவரித்து எழுதிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், ‘சீபே’ என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் கிளார்க்கி என்ற வேறு இனம். வால் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே மூன்றாவதாக ஒரு வெள்ளைப் பட்டை இருந்தால் அது கிளார்க்கி. அசல் சீபேயின் நடுப்பட்டை சற்றுச் சாய்ந்து முதுகுத் துடுப்பு வரை ஏறியிருக்கும்.

*

சீபேயைக் கடலில் போய்ப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தினர் அதைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு வளர்த்திருக்கிறார்கள். அதுவும் சுத்தக் கடல்நீரில் அல்ல, வெள்ளாறு கடலில் கலக்கும் கழிமுகத் தண்ணீரில். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும் கோமாளி மீன் குஞ்சு வளர்ப்பில் கைதேர்ந்தது. குஞ்சுக்கு முதல் தீனி ரோட்டிஃபர் என்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர். அதை வளர்க்கத் தனியாகப் பச்சைப்பாசித் தண்ணீர் வேண்டும். மீன் வளர்ப்பதைவிட மீனுக்குச் சோறு வளர்ப்பதுதான் பெரும்பாடு.

*

“தூத்துக்குடி உப்பு மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, தொட்டித் தண்ணீரில் ரெண்டு கிலோ கரைத்தால் கடல்தானே?” என்று கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் கேட்பவர்கள் உண்டு. ஆகாது. உப்பளப் பாத்தியில் கடல்நீர் காயும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் படிந்துவிடும். மக்னீசியம் கடைசிவரை தண்ணீரிலேயே நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் அள்ளி எடுப்பதுதான் நம் சமையல் உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் உண்டு. இவை எல்லாம் சேர்த்த கடல்மீன் தொட்டி உப்பு என்றே தனியாக விற்கிறார்கள். அதையும் போர் தண்ணீரில் கரைக்காதீர்கள். கரிசல் நிலத்துத் தண்ணீரின் கடினம் தெரிந்ததுதானே! ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி. லிட்டருக்கு 35 கிராம் கணக்கு, 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ.

*

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைகளை மட்டுமா சுற்றவிடுகிறது? வீட்டுக்குள் தொட்டித் தண்ணீரையும் குடித்துவிடும். அப்படி ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். 100 லிட்டரில் 5 லிட்டர் குறைந்தால் 35 கிராம் 36.8 ஆகிவிடும். குறைந்ததற்கு உப்புத்தண்ணீர் ஊற்றுகிறவர்கள் மீனை ஊறுகாய் போடுகிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர், அதுவும் தினம் கொஞ்சமாக. சித்திரை வெயிலில் இன்னொரு சங்கடம். 26, 27 டிகிரியில் இருக்க வேண்டிய தண்ணீர் 30-ஐத் தாண்டும். மேலே மின்விசிறி வைத்தால் சூடு இறங்கும், ஆவியாவது கூடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனால்? பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

*

தொட்டியில் வளரும் கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி கட்டாயமில்லை. சாமந்திக்குப் பலத்த வெளிச்சமும் மாதக்கணக்கில் பழகி நிலைத்த தொட்டியும் வேண்டும். புதுத் தொட்டியில் அதை விட்டால் செத்து, தண்ணீரையும் கெடுத்து, மீனையும் கூட்டிக்கொண்டு போகும்.

*

மன்னார் வளைகுடாவில் எடுத்த பவளப்பாறையைத் தொட்டிக்கு அழகு என்று வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமான பாதுகாப்பில் இருக்கிறது.

*

எல்லாக் கோமாளி மீனும் பிறக்கும்போது ஆண். கூட்டத்தில் பெரியது பெண்ணாகும். அது செத்தால் அடுத்த பெரியது பெண்ணாக மாறும். ஒருமுறை பெண்ணானால் திரும்ப ஆணாகாது. ஆகவே ஜோடி வேண்டுமென்றால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது பார்த்து வாங்குங்கள். ஒரே அளவில் இரண்டு பெரிய மீன்களை வாங்கினால் அது ஜோடி அல்ல, சண்டை.

*

வாங்கும்போது பண்ணைக் குஞ்சா, கடலில் பிடித்ததா என்று கேளுங்கள். கடலிலிருந்து வருபவற்றை புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி நோய் இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடக்கூடும். உடம்பெல்லாம் வெள்ளைச் சளி படர்ந்தால் சந்தேகப்படலாம். பதிலை நம்ப முடியவில்லையா, உங்கள் கண் முன்னாலேயே கொஞ்சம் குருணைத் தீனி போடச் சொல்லுங்கள். பண்ணையில் பிறந்தது கை தெரிந்ததுமே மேலே ஏறி வரும்.