சிவகாசிக்கு மேலே 300 கிலோமீட்டர்

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் கிடந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. சுமார் பத்து நிமிடத்தில் அந்த அதிர்வு அயனி மண்டலத்தை எட்டி, அங்குள்ள எலக்ட்ரான்களை அசைத்தது. ரூர்கேலா என்.ஐ.டி., ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஜி.பி.எஸ். நிலையப் பதிவுகளிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள்.

நம் பட்டாசுப் பகுதியின் வெடிச்சத்தம் அதற்குப் போதாது. ஆனால் இங்கே வெடியே தேவையில்லை. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. பொழுது சாய்ந்ததும் மின்புலம் அயனி அடுக்கை மேலே தூக்க, அடர்த்தி குறைந்த அடிப்பகுதி மேலடுக்கைத் துளைத்துக்கொண்டு குமிழிகளாக எழும்புகிறது. மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், அதுவும் சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில், இது அதிகம். அப்போது ஜி.பி.எஸ். சிக்னல் துடிக்கும், சில நேரம் அறுந்தே போகும். நெல்லை அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்திய புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பது சும்மா இல்லை.

அளப்பது எப்படி? செயற்கைக்கோள் 1575.42, 1227.60 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் அனுப்புகிறது. வழியில் எலக்ட்ரான்கள் குறுக்கிட்டால் இரண்டாவது கூடுதலாகப் பிந்தும். அந்த வித்தியாசமே எலக்ட்ரான் கணக்கு. 30 விநாடிக்கு ஒருமுறை அதைக் கணித்து, நிமிடத்துக்கு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, ஐந்து நிமிடத்துக்குள் அந்த மாற்றம் எவ்வளவு சிதறுகிறது என்று எடுத்தால் ‘ரோட்டி’ என்ற குறியீடு கிடைக்கும். அமைதியான இரவில் அது பூஜ்ஜியத்தை ஒட்டிக் கிடக்கும். குமிழி வந்தால் எகிறும்.

ஜி.பி.எஸ். பதிவுக் கோப்பைப் படிக்க ஜியோரைனெக்ஸ், கணக்குக்கு நம்பை, வடிகட்ட சைபை. எல்லாம் பைத்தானில், மூலநிரலோடு, இலவசம். காசு மிச்சம் என்பதைவிட நிரல் திறந்திருப்பதுதான் பெரிது என்பேன். பெய்ரூட் வெடி எழுப்பியது போன்ற மெல்லிய அலையைப் பிரிக்க, நாள் முழுக்க நடக்கும் ஏற்ற இறக்கத்தைக் கழிக்க வேண்டும். எத்தனை நிமிட அளவில் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்து இல்லாத அலை முளைக்கும். இருக்கிற அலை மறையும். பெய்ரூட் மாதிரியான முடிவை நம்புவதற்கு, அந்த ஒரு எண்ணை மாற்றிப் போட்டுப் பார்க்க மற்றவர்களுக்கு வழி வேண்டும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஜி.பி.எஸ். நிலையத்தின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. சிவகாசி அங்கிருந்து ஏறக்குறைய நேர் தெற்கே 400 கிலோமீட்டர். ஆகவே தெற்கு வானில் 35 முதல் 40 டிகிரி உயரத்தில் தெரியும் செயற்கைக்கோளைப் பொறுக்கினால், அதன் சிக்னல் அயனி மண்டலத்தைத் துளைக்கும் இடம் கிட்டத்தட்ட சிவகாசிக்கு மேலேதான். விருதுநகரில் பங்குனிப் பொங்கல் நடக்கும் நாட்களின் கோப்புகளை எடுத்து, இரவு 7 மணி முதல் நள்ளிரவு வரை ரோட்டியை வரைந்து பார்க்கலாம்.