ஷீட்டாகும் முன்: மாத்தளை றப்பர் பாலில் செய்யக்கூடிய மாற்றம்

மாத்தளைத் தோட்டங்களில் விடியற்காலையில் வெட்டும் றப்பர் பாலின் வழக்கமான பயணம் குறுகியது. சிரட்டையிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து ஸ்டோருக்கு. வடிகட்டித் தண்ணீர் கலந்து போமிக் அமிலம் ஊற்றினால் பால் உறைகிறது. அதை உருளையில் ஷீட்டாகப் பிழிந்து, புகைவீட்டில் தொங்கவிடுகிறார்கள். வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலையும் வீணாக்குவதில்லை. இவ்வளவு பாடுபட்டும் விற்பது கிலோக் கணக்கில்தான். விலையோ வெளிச் சந்தையின் கையில். இலங்கையின் றப்பர் உற்பத்தி 2011க்குப் பின் பாதிக்கும் கீழே சரிந்துவிட்ட நிலையில், எடையை நம்பிப் பிழைப்பது கடினம். பால் உறையுமுன்பே அதன் மூலக்கூறில் கைவைப்பதுதான் கூடுதல் வருமானத்துக்கு வழி என்பது என் கருத்து.

றப்பர் ஓர் இயற்கைப் பல்பகுதியம்: ஐசோப்பிரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் ஒரு காபன் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. வேதியியல் உள்ளே நுழையும் இடம் அதுதான். 1839இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியபோது, அப்பிணைப்புகளை அண்டிய இடங்களில் சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டுண்டன. வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் விறைத்த பொருள் டயர் செய்யும் பொருளானது. ஆனால் ஒரு குறை போகவில்லை. சங்கிலியும் ஐதரோகாபன், பெற்றோலும் ஐதரோகாபன். அதனால் றப்பர் பெற்றோலில் ஊறினால் உப்பிக் கெடும். காற்றையும் மெல்லக் கசியவிடும். எண்ணெய் படும் குழாய்களுக்கும் சீல்களுக்கும் பெற்றோலியத்திலிருந்து பிறக்கும் நைத்திரைல் றப்பரை நாடுவது இதனால்தான்.

இதற்கு மாற்றுத்தான் எபொக்சி ஏற்றிய இயற்கை றப்பர். மலேசியா இதை வணிகப் பொருளாகவே விற்கிறது. பாலை முதலில் நிலைப்படுத்திக்கொண்டு, போமிக் அமிலமும் ஹைட்ரஜன் பெரொக்சைடும் சேர்த்து மிதமாகச் சூடாக்கினால் இரட்டைப் பிணைப்புகளில் ஒட்சிசன் ஏறி எபொக்சி வளையங்கள் உருவாகின்றன. ஸ்டோரில் பாலை உறையவைக்கும் அதே போமிக் அமிலம் இங்கே வேறு வேலை பார்க்கிறது. பாதி அலகுகளில் ஒட்சிசன் ஏறிய வகை எண்ணெயைக் கணிசமாகத் தாங்கும். காற்றைத் தடுப்பதில் டியூப் செய்யும் பியூட்டைல் றப்பருக்குக் கிட்ட வரும். மிச்சப் பிணைப்புகள் இருப்பதால் கந்தகக் கட்டும் போடலாம்.

நைத்திரைல் மலிவாகக் கிடைக்கையில் இது எதற்கு என்று கேட்கலாம். விலையில் மோதினால் தோல்விதான், ஒப்புக்கொள்கிறேன். சாதாரண டயருக்கும் இது வேண்டாம். ஆனால் பெற்றோலியத்தைத் தவிர்க்க விரும்பும் வாங்குநர்களுக்கும், ஈரத்தில் பிடிப்பு வேண்டிய பொருள்களுக்கும் சிறு அளவே போதும். இலங்கையில் டயர், கையுறைத் தொழில்கள் ஏற்கெனவே வேரூன்றியிருப்பதால் புதுப் பொருளைச் சோதிக்க ஆளும் கருவியும் உண்டு. அமிலம் எஞ்சினால் எபொக்சி வளையங்கள் உடைந்து றப்பர் விறைத்துவிடும் என்ற தொழில்நுட்பத் தடையைக் கழுவுதலும் காரத்தன்மைக் கட்டுப்பாடும் பெருமளவு சமாளிக்கும். கழுவிய நீர்தான் எனக்குக் கவலை. மாத்தளை நகரை ஒட்டி ஓடும் சுது கங்கை அம்பன் கங்கையாகி மகாவலியில் சேர்கிறது. ஆகவே சிறு தோட்டக்காரர் வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையல்ல இது. பல தோட்டங்களின் பாலைச் சேர்த்து, அமோனியா இட்டுக் காத்து, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒரு பொது நிலையத்தில்தான் தொடங்க வேண்டும்.