தேயாத டயரும் தேயாத விசுவாசமும்

தியானப் பகுதி: யாத்திராகமம் 16:14-21, மத்தேயு 9:16-17



2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அக்காலத்தில் இருந்த வாகனத்தையே பழுதுபார்த்து ஓட்டினோம். கழற்றிய உதிரிப்பாகங்களையும் எறியாமல் பத்திரப்படுத்தினோம். பாசிக்குடாக் கரையோர வீட்டுக் கொட்டகைகளிலும் அப்படி ஒரு டயர் சாய்ந்திருக்கக்கூடும். சிக்கனம் நற்குணமே. ஆயினும், "இதை இன்று பூட்டலாமா?" என்று தீர்மானிக்கும் வேளையில் நாம் எதைப் பார்க்கிறோம்? பள்ளங்கள் தேயாதிருந்தால் டயர் நல்லது என்று திருப்தியடைகிறோம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 1412 என்றிருந்தால், அது 2012ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. வெப்பமும் காற்றும் இறப்பரை மெல்ல இறுகச் செய்கின்றன. ஓடுகின்ற டயரில், இறப்பரோடு கலந்துள்ள பாதுகாப்பு மெழுகு அசைவினால் மேற்பரப்புக்கு வந்து அதைக் காக்கிறது. கிடப்பில் உள்ள டயருக்கு அந்தப் பாதுகாப்புக் குறைவு. ஆகவேதான், எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் 10 ஆண்டுகளுக்கு மேற்பட்டதைப் பூட்ட வேண்டாமென உற்பத்தியாளர் பலர் கூறுகின்றனர்.

2012 செப்டெம்பரில் இங்கிலாந்தின் சரே பகுதியில், இசைவிழாவிலிருந்து திரும்பிய பேருந்து ஒன்றின் முன் டயர் வெடித்து, பேருந்து மரத்தில் மோதியது. மூவர் மாண்டனர். அந்த டயரின் வயது 19 ஆண்டுகளுக்கு மேல்; அது பேருந்தைவிட மூத்தது! டயரின் வயதைத் தடுக்கும் சட்டம் அன்று இருக்கவில்லை. மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் ஆண்டுக்கணக்காகப் போராடினார். 2021 பெப்ரவரி முதல், 10 ஆண்டு கடந்த டயர்களை லொறி, பேருந்துகளின் முன் சில்லுகளில் பயன்படுத்துவது பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டது.

பிரியமானவர்களே, ஆண்டவர் இயேசு பழைய துருத்திகளைப் பற்றிப் பேசியபோது இதையே உணர்த்தினார். உலர்ந்து இறுகிய தோல், புதிய திராட்சரசம் பொங்கும்போது அதற்கு ஈடுகொடுக்க மாட்டாமல் கிழிந்துபோகும்.

நம் விசுவாசம் எப்படி இருக்கிறது? 20 ஆண்டுகளுக்கு முன் பெற்ற இரட்சிப்பின் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்கிறோம். அது இன்னும் பளபளப்பாகவே இருக்கிறது. ஆனால் அதன்பின் அதன்மேல் எந்தப் பாரத்தையாவது ஏற்றினோமா? பகைத்த சகோதரனை மன்னித்தோமா? நோயுற்ற அயலவரைத் தேடிச் சென்றோமா? பயன்படுத்தாமல் வைத்ததும் தேயாமல்தான் இருக்கும். அதைப் பலமென்று எண்ணி ஏமாறலாகாது. துன்பம் என்னும் நெடுஞ்சாலையில் அது வெடிக்கும் நாளில், நம்மோடு பயணம்செய்யும் பிள்ளைகளும் காயப்படுவார்கள்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மறுநாளுக்கென்று மீத்துவைத்த மன்னாவில் புழு உண்டாயிற்று. காலைதோறும் புதிதாகச் சேர்த்ததே அவர்களைப் போஷித்தது. பிள்ளைகளுடன் வாகனத்தில் புறப்படுமுன் அந்த நான்கு இலக்கங்களைப் பாருங்கள். அவ்வாறே, உங்கள் முழங்கால்கள் கடைசியாக மடங்கிய நாளையும், நீங்கள் கடைசியாக ஒருவரை மன்னித்த நாளையும் தேவசமுகத்தில் எண்ணிப் பாருங்கள். அது வெகுகாலத்துக்கு முன்னானதென்றால் கலங்க வேண்டாம். அவருடைய இரக்கங்கள் இன்று காலையும் புதியவையே.

கர்த்தர்தாமே உங்களைக் காத்துக்கொள்வாராக. ஆமென்.