கடல் தாண்டிய தோட்டங்கள் – 6: பால்வெட்டும் கத்தியும் கடைக் கடனும்

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம். மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பங்கீட்டைச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம். அந்தக் கணக்கில் எங்கும் எழுதப்படாத ஒன்று, போனவர்களின் வயது.

தாயகம் திரும்பினார்கள் என்று எழுதுவது வழக்கம். றக்வானைப் பக்கத்து லயமொன்றில் பிறந்து, நாற்பதைத் தாண்டி, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு இந்தியா என்பது தாத்தா வாயில் கேட்ட ஓர் ஊர்ப்பெயர், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், நடுவயதில் பிழைப்புத் தேடி வெளிநாடு போனவர்களின் வரிசையில்தான் அவரை வைக்க வேண்டும். இருபதில் போகிறவன் புதுத் தொழில் பழகிக்கொள்வான். நாற்பதில் போகிறவருக்குக் கைவசம் உள்ள வேலைதான் முதல்.

அந்த வேலை இலேசானதல்ல. றக்வானை இருக்கும் இரத்தினபுரி மாவட்டத்தில் மேட்டில் தேயிலை, கீழே இறங்கினால் ரப்பர். ரப்பர் பால்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், விடியும் முன்பே மரத்தடிக்குப் போயாக வேண்டும். நேற்றைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுத்துவிட்டு, இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாகப் பட்டையைச் சீவ வேண்டும். மெல்லிசாகத்தான். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் கூடிப்போனால் மரத்தில் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது. இது கைக்குப் பழக வருஷங்கள் பிடிக்கும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்தும் நாளைக் கடத்தியவர்கள் இருந்தார்கள். 1973–74இன் பஞ்சமும், 1977இலும் 1981இலும் இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் நடந்த தாக்குதல்களும் அவர்களில் பலரைக் கிளப்பின. தலைமன்னார் வரை ரயில், பிறகு இராமானுஜம் கப்பல், இறங்கினால் மண்டபம் முகாம். பாட்டன்மாரை இலங்கைக்கு அனுப்பும் முன் நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்திருந்ததும் இதே மண்டபத்தில்தான்.

அங்கே குடும்ப அட்டையும் மறுவாழ்வுத் திட்டமும் கிடைத்தன. நிறையப் பேருக்கு விழுந்தது சிறு வியாபாரக் கடன். எந்த அதிகாரிக்குத் தோன்றிய யோசனையோ! தோட்டத்தில் அரிசியைக்கூடச் சம்பளத்தில் கழித்துக்கொண்டு ஆபீசில் கொடுத்த காலம் அது. சரக்கு வாங்கி, கடன் சொல்லி விற்று, வசூலித்துப் பழக்கமில்லாத மனிதரைக் கடை போடச் சொன்னார்கள். கடன் பணம் வீட்டுச் செலவில் கரைந்தது. பிறகு கொடைக்கானல், நீலகிரி மலைகளில் கூலி வேலை; சிலர் கொத்தடிமையாகவே சிக்கினார்கள்.

கைத்தொழிலைப் பார்த்து ஆளை அனுப்பிய இடங்களில் கதை வேறு. நீலகிரியில் 1968இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம் பிற்பாடு டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. கொழுந்து பறிக்கத் தெரிந்த பெண்களுக்கு முதல் நாளே பேர் விழுந்தது. ரப்பர்க்காரர்களுக்குக் கேரளத்தில் புனலூர், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர். மொழி புதிது, மேற்பார்வையாளர் புதிது. ஆனால் மரத்தடியில் யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் ஒரு பழைய சிக்கல் கூடவே கப்பலேறியிருந்தது: வீடு. றக்வானையில் லயம் வேலையோடு ஒட்டியது. நீலகிரியிலும் குடியிருப்பு அப்படியே. நாற்பதில் வந்தவருக்கு ஓய்வு பெறும்வரை இருபது வருஷம்கூடத் தேறாது. அதற்குள் பிள்ளைகளைக் கரையேற்றி, மலையில் நிலம் வாங்கி, வீடு கட்ட வேண்டும் என்றால் டான்டீ கூலியில் நடக்கிற காரியமா? 2022இல் டான்டீயின் 2,152 ஹெக்டேயரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கத் தமிழக அரசு உத்தரவிட்டபோது, பெரிதாகக் கிளம்பிய பிரச்சினைகளில் ஒன்று ஓய்வு பெற்றவர்களின் குடியிருப்பு. அறுபது வயதுக்குமேல் இன்னொரு தடவை சாமான் கட்டச் சொன்னால் எங்கே போவது என்று அவர்கள் கேட்டார்கள்.