மால்மோவின் மேற்குத் துறைமுகம்

கடலைச் சார்ந்து வளர்ந்த நகரங்கள் பல துறைமுகத்தாலும் கைத்தொழிலாலும் செழித்தவை. அத்தொழில்கள் நலிவுற்றவிடத்து, வெறுமையாகும் கரையோர நிலத்தை எவ்வாறு, யாருக்காகப் பயன்படுத்துவது என்னும் வினா எழுகின்றது. சுவீடனின் தென்பகுதியிலுள்ள மால்மோ நகரம் இவ்வினாவுக்கு விடை காண முயன்ற வரலாறு ஆராயத்தக்கது.

1840ஆம் ஆண்டில் இயந்திரப் பட்டறையாகத் தொடங்கிய கொக்கும்சு நிறுவனம் நாளடைவிற் கப்பல் கட்டும் பெருந்தொழிலாக வளர்ந்தது. கடலைத் தூர்த்துப் பெற்ற மேற்குத் துறைமுக நிலமே அதன் களமாயிற்று. 1970களில் அங்கு நிறுவப்பெற்ற, ஏறத்தாழ 140 மீற்றர் உயரமான பாரந்தூக்கி, நகரின் அடையாளமாக விளங்கியது. ஆயின், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப்பின் கப்பல்களின் தேவை குறைந்தது. கிழக்காசிய நாடுகளின் போட்டியும் வலுத்தது. 1980களின் பிற்பகுதியில் வணிகக் கப்பல் கட்டுதல் நின்றது. அவ்விடத்தில் 1989இல் தொடங்கிய மோட்டார் வண்டித் தொழிற்சாலையும் 1991இல் மூடப்பட்டது. பாரந்தூக்கியோ ஒரு டொலருக்கு விற்கப்பட்டு, 2002இல் தென்கொரியாவின் உல்சான் நகரை அடைந்தது. கொரியர் அதனை ‘மால்மோவின் கண்ணீர்’ என வழங்கினர்.

இதற்கிடையே, 2001இல் நிகழ்ந்த வீடமைப்புக் கண்காட்சியோடு புதிய குடியிருப்பு உருவாயிற்று. தொழிற்கழிவால் மாசுற்ற மண் முதலிற் சீர்செய்யப்பட்டது. காற்றாலை மின்சாரமும், நிலத்தடி நீரிலிருந்தும் கடல்நீரிலிருந்தும் பெறப்பட்ட வெப்பமும் வீடுகளுக்குப் பயன்பட்டன. 2005இல் நிறைவுற்ற, 190 மீற்றர் உயரமான முறுக்குண்ட மாடக் கட்டடம் பாரந்தூக்கி விட்டுச்சென்ற வானத்தை நிரப்பிற்று.

எனினும், குடிமனைகள் மாத்திரம் தொழிலுக்கு ஈடாகா. முதலில் எழுந்த வீடுகளின் விலையும் வாடகையும் உயர்ந்திருந்தமையால், பட்டறைத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே வாழ்தல் எளிதன்று என்னும் குறை எழுந்தது. பின்னர் அமைந்த ஒரு பகுதியில் வாடகை வீடுகளுக்குக் கூடிய இடமளித்து அக்குறையை ஓரளவு நீக்க முயன்றனர். 1998இல் தொடங்கிய உயர்கல்வி நிலையம் மாணவரையும் புதிய தொழில்களையும் ஈர்த்தது. 2000இல் திறக்கப்பட்ட ஓரெசுண்டுப் பாலம் டென்மார்க்கின் தலைநகரிலுள்ள வேலைவாய்ப்புக்களை அணித்தாக்கிற்று.

கரையோர நிலத்தில் மாடங்களை எழுப்புதல் சில ஆண்டுகளில் முடியும் பணியாகும். அங்கே உழைத்தவரின் மக்களுக்குக் கல்வியும் தொழிலும் உறையுளும் ஒருங்கே கிடைக்கச் செய்தலே அரிய பணி. நகரமைப்பின் சிறப்பை அளக்கும் கோல் அதுவேயாம்.